அடுப்புக்கும் வாய்க்கும் இடையே ஒன்பது மணி நேரம்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும், தேர்தல் காலத்தில் படையினருக்கு உணவு ஏற்பாடு செய்யும் வருவாய்த் துறை, காவல் துறை அலுவலர்களுக்கும், மத்திய ஆயுதப் படைகளின் கம்பெனிகளுக்கு, அதாவது ஏறக்குறைய நூறு பேர் கொண்ட படைப் பிரிவுகளுக்கு, பொறுப்பாளர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் முன்னாள் ராணுவ வீரன் நான். இருபது ஆண்டுச் சேவையில் கடைசி ஆறு ஆண்டுகள், ஒரு காலாட்படைப் பிரிவின் லங்கரை, அதாவது ஜவான்களுக்குச் சமைக்கும் கூடத்தை, மேற்பார்க்கும் ஹவில்தாராக இருந்தேன். துப்பாக்கியைவிடத் தேக்சாவோடுதான், அதாவது பெரிய சமையல் பாத்திரத்தோடுதான், எனக்குப் பழக்கம் அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள், அது உண்மைதான். அந்தப் பழக்கத்தை நம்பியே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தலில், முன்னாள் படைவீரர்களைப் பந்தோபஸ்துக்கு அழைத்தபோது நானும் போனேன். எனக்கு ஒதுக்கப்பட்ட சாவடி ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மத்தியப் படையினர் நால்வரும் உள்ளூர்க் காவலர் ஒருவரும் உடன் இருந்தனர். முதல் நாள் மாலையே வந்து சேர்ந்து, விடியற்காலை ஐந்தரை மணி மாதிரி வாக்குப்பதிவிலிருந்து நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பகல் பதினொரு மணிக்கு ஒரு ஜீப்பில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. தக்காளி சாதம், தயிர் வெங்காயம், அவித்து உரித்த முட்டை ஒன்று. கூட்டம் குறைந்த பிறகு, ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். மூன்றரை மணிக்கு எங்களில் ஒருவர் சுற்றுச்சுவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாக்குப்பதிவு முடிவதற்குள், எங்கள் சாவடியிலும் அதே ஜீப் போன வேறு இரண்டு பள்ளிகளிலுமாகப் பதினொரு பேர் படுத்துவிட்டோம். அந்தப் பதினொருவரில் நானும் ஒருவன். எங்கள் சாவடியில் நிமிர்ந்து நின்றவர்கள் இரண்டு பேர்தாம். இருவரும் சைவம், முட்டையைத் தொடாதவர்கள். அவர்களுடைய பங்கையும் வாங்கிச் சாப்பிட்டவர்தான் முதலில் விழுந்தார்.

பிறகு விசாரித்தேன். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்காக அதிகாலை நான்கு மணிக்கே சாதம் இறக்கியிருக்கிறார்கள். முட்டையை முதல் நாள் இரவே அவித்து, உரித்து, அண்டாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். சாதம் அடுப்பிலிருந்து வாய்க்கு வர ஒன்பது மணி நேரம். முட்டைக்கு அதைவிட நெடுநேரம். எங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டது "வெயில் சோர்வு". மிச்சப் பொட்டலங்கள் மாலைக்குள் குழியில் கொட்டி எரிக்கப்பட்டன. ஒரு கவளத்தைக்கூட யாரும் சோதனைக்கு எடுத்து வைக்கவில்லை.

சமைத்தவரைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. அரிசி நல்ல அரிசி, எண்ணெய் நல்ல எண்ணெய், அந்த மாஸ்டரும் நாலு பேர் மெச்சும் கைக்காரர் என்றுதான் கேள்விப்பட்டேன். கலப்படமும் ஊழலும் இல்லாமலே ஒரு கம்பெனியை வீழ்த்திவிட முடியும் என்பதும், அதற்குக் காலதாமதம் ஒன்றே போதும் என்பதும்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் ஒரே செய்தி. நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் பொட்டலத்தின் விலை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, முட்டை உண்டா இல்லையா என்பதும் இருக்கிறது. சமைத்து முடித்ததிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள் அது உண்ணப்பட வேண்டும் என்ற ஒரு வரி, நான் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் இருந்ததில்லை.

லங்கரில் எங்களுக்கு ராணுவ மருத்துவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, கெட்டுப்போன சோறு நாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைத்தான். ஊசிப்போனதை மூக்கு கண்டுபிடித்துவிடும், நஞ்சேறியதைக் கண்டுபிடிக்காது. நம் தோலிலும் மூக்கிலும் விரல் காயத்திலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, முட்டை உரிக்கும் கையிலிருந்து முட்டைக்குப் போய், இளஞ்சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் ஒரு நச்சுப்பொருளைச் சுரந்துவிடுகிறது. கிருமி கொதியில் சாகும். அது சுரந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. அரைமணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சாதத்தில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்பதும் ஏறக்குறைய அதே குணம் கொண்டது. அரிசியோடு வரும் அதன் விதைக்கூடுகள் சோறு வேகும் சூட்டைத் தாங்கி, சோறு ஆறும்போது முளைக்கின்றன. சாப்பிட்டு இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் வாந்தி எடுத்ததும், முட்டையைத் தொடாதவர்கள் தப்பியதும் எதைச் சுட்டுகின்றன என்று ஒரு சமையற்கூட ஹவில்தாரே ஊகிக்கலாம். ஆய்வகம் அறுதியிட்டுச் சொல்லியிருக்கும். அதற்குத்தான் கவளம் மிஞ்சவில்லையே.

இறைச்சிக் குழம்பின் கதை வேறு. பெரிய தேக்சாவில் இரவே காய்ச்சி மூடி வைத்த குழம்பின் மேல்பரப்பு ஆறிவிடும்; நடுப்பகுதி விடியும்வரை கதகதப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அந்தக் கதகதப்பு தாய்மடி போன்றது. 43 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டில் அது ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே முட்டைக்கு 37 டிகிரிச் சொச்சம் வைத்துக் காவல் காக்கிறார்கள். இங்கே ஏப்ரல் மாதம் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெளி வெயிலே 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் நிற்கும் ஜீப்பின் பின்புறம் அடுக்கிய பொட்டலங்கள் அடைகாக்கப்படும் முட்டைகள்தாம், பொரிப்பது மட்டும் வேறு உயிர். சுடச்சுடக் கொடுக்க வேண்டுமானால் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆறவைத்துக் கொடுக்க வேண்டுமானால் 5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒவ்வொரு மணியும் கடன்.

ஒரு வீட்டில் நான்கு பேருக்கு வயிறு கெட்டால் நான்கு பேரோடு போயிற்று. படையில் அப்படியில்லை. ஏறக்குறைய நூறு பேர் ஒரே தேக்சாவில், ஒரே நேரத்தில் உண்கிறார்கள். ஒரே கழிவறை வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். உடம்பு முடியவில்லை என்று வீட்டுக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. 1990ஆம் ஆண்டு வளைகுடாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினரில் 2,022 பேரிடம் கேட்டபோது, 57 விழுக்காட்டினர் ஒருமுறையாவது வயிற்றுப்போக்குக்கு ஆளானதாகச் சொன்னார்கள்; ஐந்தில் ஒருவர் தற்காலிகமாகக் கடமையைச் செய்ய முடியாமல் இருந்திருக்கிறார். எதிரி ஒரு குண்டுகூட வீசாத மாதங்கள் அவை. உள்ளூரில் வாங்கிய பச்சைக் காய்கறிகள், குறிப்பாக லெட்டூஸ் கீரை, அங்கே சந்தேகத்துக்கு உள்ளாயின. நம் பொட்டலத்தில் லெட்டூஸ் இல்லை. லாரித் தண்ணீரில் அலசிய வெங்காயத்தைத் தயிரில் போட்டு, அதே வெயிலில் அனுப்புகிறோம்.

தேர்தல் பந்தோபஸ்தோடு இன்னும் நெருக்கமாக ஒப்பிடத்தக்கது 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக். போட்டிகள் தொடங்கும் முன்பே, காவலுக்கு வந்து பொதுத் தங்குமிடத்தில் இருந்தவர்களிடையே, வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் பரவியது. 1,200 பாதுகாவலர்களைப் பணியிலிருந்து விலக்கி, அவர்கள் இடத்தில் 900 ராணுவத்தினரை நிறுத்தினார்கள். அப்படி 900 பேரை மாற்றி நிறுத்த அவர்களால் முடிந்தது. வாக்குப்பதிவு நாளன்று நண்பகலில் ஒரு வட்டத்தின் சாவடிக் காவலர்கள் எல்லாம் படுத்துவிட்டால், மாற்று ஆட்களுக்கு எங்கே போவீர்கள் என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் வாக்குச்சாவடிகளில் பெரும்பாலானவை பள்ளிகள். அரசுப் பள்ளி என்றால் அங்கே சத்துணவுக் கூடம் இருக்கிறது. 1982 முதல் நாள்தோறும் அடுப்பு எரியும் இடம் அது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். பாத்திரமும் எரிவாயுவும் இருக்கின்றன. காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு மகளிர் குழுப் பெண்களும் சமைக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு இறக்கிய சோறு பன்னிரண்டரைக்குப் பிள்ளையின் தட்டில் விழுகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் இவ்வளவு பேருக்குச் சோறு போடும் ஏற்பாடு, பணம் படைத்த எந்த கேட்டரிங்காரரிடமும் கிடையாது. வாக்குப்பதிவு நாளன்று அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு ஐம்பது அடி தள்ளி நிற்கும் ஜவானுக்கு முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சாப்பாடு வருகிறது. நான் அன்று வாந்தி எடுத்தபடி சாய்ந்திருந்த சுவர், அந்தச் சத்துணவுக் கூடத்தின் சுவர்தான்.

ஆகவே, சாவடிப் பள்ளியிலேயே, அன்றைக்கான கூலியை முறையாக எழுதிக் கொடுத்து, காலையும் பகலும் புதிதாகச் சமைக்கச் சொல்லுங்கள். அறுபது பிள்ளைகளுக்குப் பொங்கும் அடுப்பில் பதினைந்து பேருக்குப் பொங்குவது பெரிய காரியமல்ல. கட்சிக்காரர்கள் கொண்டுவரும் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது சரியான விதி; அரசுக் கூடத்தில், அரசு வாங்கிக் கொடுத்த பொருளில், அலுவலர் கண் முன்னால் சமைக்கும் சோற்றுக்கு அந்தக் குறையைச் சொல்ல முடியாது. பில், ரசீது, தணிக்கை என்று அலுவலகத்தில் தடை சொல்வார்கள் என்பதையும் அறிவேன். பிள்ளைகளுக்கான கணக்கைப் பல்லாண்டாகப் பள்ளிவாரியாக எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, காவலர்களுக்கான இரண்டு வேளைக் கணக்கு மலையா என்ன?

பெரிய சமையல் பட்டியலும் வேண்டாம். நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதம், ஒரு கரண்டி நெய், பொரித்த அப்பளம். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளும் கிச்சடி என்று விரும்பிச் சாப்பிடுவார்கள். முட்டை கொடுப்பதானால் ஓட்டோடு கொடுங்கள், உண்பவரே உரித்துக்கொள்ளட்டும். வாழைப்பழமும் அப்படித்தான், தோலோடு வருவதை யார் கையும் கெடுப்பதில்லை. தயிர் வெங்காயத்தை அன்று ஒரு நாள் மறந்துவிடலாம்.

சத்துணவுக் கூடம் இல்லாத சாவடிகள் இருக்கும். மலைப்பகுதியில், சத்தியமங்கலம் காட்டுக்குள், தாளவாடிப் பக்கம் பொட்டலம்தான் வழி என்ற இடங்கள் இருக்கும். அங்கே ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேருங்கள்: சமைத்து இறக்கிய நேரத்தைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டும்; அந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் கடந்தால் யாரும் உண்ணக் கூடாது, அதற்கு மாற்றாக பிஸ்கட்டும் பழமும் கையில் இருக்க வேண்டும்; ஆயிரக்கணக்கில் ஒரே மண்டபத்தில் சமைக்காமல், அரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும்படி சமையலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வரியை ஒப்பந்ததாரர்கள் விரும்ப மாட்டார்கள். அவர்களுடைய லாபமே ஒரே இடத்தில் பெருக்கிச் சமைப்பதில்தான் இருக்கிறது.

கம்பெனிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் உங்கள் சமையற்காரர்களோடுதான் வருகிறீர்கள். மண்டபத்திலும் பள்ளியிலும் தங்கும் வாரங்களில் உங்கள் மெஸ் உங்களுடையது. அங்கே என் கவலை தண்ணீரைப் பற்றியது. மண்டபத்து மேல்நிலைத் தொட்டி கடைசியாக எந்த முகூர்த்தத்துக்குக் கழுவப்பட்டதோ யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று பார்க்க, ராணுவத்தில் ஹாராக்ஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. ஆறு வெள்ளைக் கோப்பைகளில் தண்ணீரை எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலைத் துளிகளாக ஏற்றிக்கொண்டே போய், அரைமணி கழித்து நிறங்காட்டும் கரைசலை விட்டு, எந்தக் கோப்பையில் முதலில் நீலம் தெரிகிறது என்று பார்ப்போம். மூன்றாவது கோப்பை என்றால் 455 லிட்டருக்கு ஆறு கிராம் பவுடர். அந்தப் பெட்டி இல்லாவிட்டாலும், ஊராட்சியில் தொட்டி இயக்குபவரிடம் குளோரின் பார்க்கும் சிறு கருவி இருக்கும். படை வந்து இறங்கும் நாளிலும் அதற்குப் பின் தினமும் அவரை வரச் சொல்லுங்கள். கழிவறையையும் சமையல் பந்தலையும் தள்ளித் தள்ளி வையுங்கள். 1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடனான போருக்காக அமெரிக்கா திரட்டிய படை முகாம்களில் டைஃபாய்டு 20,738 பேரைப் பிடித்து 1,590 பேரைக் கொன்றது. கழிப்பிடத்தில் தூவிய சுண்ணாம்பு ஒட்டிய கால்களோடு ஈக்கள் சோற்றின் மேல் நடந்ததை அங்கே கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

கை கழுவ சோப்பு வையுங்கள். சானிடைசர் பாட்டிலைத் தூணில் கட்டித் தொங்கவிட்டால் கடமை முடிந்ததாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நோரோவைரஸை அது சரிவர ஒழிப்பதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கழுவிவிடுகின்றன. 2002 மே மாதம் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் கள மருத்துவமனை ஒன்றில் படையினரும் மருத்துவப் பணியாளர்களுமாக 29 பேரைச் சாய்த்தது இந்த வைரஸ்தான். வைத்தியம் பார்க்க வந்தவர்களையே அது விடவில்லை. வயிறு சரியில்லாத சமையற்காரர், வாந்தியும் பேதியும் நின்றுபோன பிறகும் 48 மணி நேரம் சமையற்கட்டுக்குள் வரக் கூடாது. அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார், எனவே பிடிக்காதீர்கள்.

சொல்லாமல் மறைப்பது ஜவான்களிடமும் உண்டு. காய்ச்சல் என்று சொல்ல வெட்கமில்லை. பேதி என்று சொன்னால் கம்பெனியே சிரிக்கும். அதனால் மருந்துக்கடையில் நிறுத்தும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தலைக்கவசமும் குண்டு துளைக்காத உடுப்புமாகச் சித்திரை வெயிலில் நிற்பார்கள். உடம்பில் நீர் வற்றி மயங்கி விழும்போதுதான் நமக்குத் தெரியவரும். இரத்தமாகப் போகும்போது அந்த மாத்திரை ஆபத்து என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சாவடிக்கும் வாக்குப்பதிவுப் பொருட்களோடு பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புங்கள்.

சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து, மூடி, நாளும் வேளையும் எழுதி, குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் கொட்டிவிடலாம். ஆகிவிட்டால் கோவையிலும் சேலத்திலும் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. கிண்ணம் அங்கே போக வேண்டும், நோயாளியின் மல மாதிரி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், பதிவேட்டில் "வெயில் சோர்வு" என்பதற்குப் பதிலாக உண்ட நேரமும் நோய் கண்ட நேரமும் ஏற வேண்டும். அந்த இரண்டு நேரங்களும் இருந்தால், பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த தேர்தலுக்கு வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு மூன்று கட்டப் பயிற்சி நடத்துவீர்கள். அதில் ஓர் அரை நாளைச் சத்துணவு அமைப்பாளர்களுக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும் படைகளின் சமையற்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டுகிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியும் போதும். கோபி வட்டத்தில் நடத்துவதாக இருந்தால் நானும் வருகிறேன். தேக்சாவின் நடுவில் வெப்பமானியை எப்படி விடுவது என்று காட்டிக்கொடுக்கச் சம்பளம் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவன்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.